எந்த யந்திரத்தை நம்பலாம்?

உலகத்தில் முடிவே இல்லாத வழக்குகள் சில உண்டு. சமையலுக்கு நல்லெண்ணெய் சிறந்ததா, தேங்காய் எண்ணெய் சிறந்ததா என்பது அவற்றுள் ஒன்று. இத்தகைய வழக்குகளில் வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, சாட்சிகளுக்கோ கணக்கே இல்லை. நீதிபதி ஒருவர்தான் அகப்படுவதில்லை. ஏனெனில், அந்த ஸ்தானத்தில் உட்காரத் தகுதியுள்ளவர்கள் எல்லோரும் முன்னமேயே ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்து விட்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் ஏரிக்கரைகளில் வசிக்கும் ஜனங்களிடையே இப்படிப்பட்ட வழக்கு ஒன்று அறுபது வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது. உல்லாசப் படகுகளில் வைக்கும் 'ஸ்டெர்ன் டிரைவ்' யந்திரங்களில் நம்பத் தகுந்தது எது? அமெரிக்காவின் மெர்க்குரூயிஸரா, ஸ்வீடன் தேசத்து வால்வோ பென்டாவா? இதுதான் வழக்கு.

விஸ்கான்ஸின் மாகாணத்தில் வின்னபேகோ என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் தென்கோடியில் உள்ள ஃபாண்ட் டு லாக் என்னும் ஊரில்தான் மெர்க்குரிக் கம்பெனியின் தலைமை ஸ்தலம். நம் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த ஏரிக்கரையில் குடியிருப்பதால், ஒரு கோடை காலம் முழுவதும் அங்கே தங்கி, மேற்படி வழக்கைச் சாங்கோபாங்கமாகக் கேட்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. மாப்பிள்ளை ஒரு பழைய படகு வாங்குவதென்று தீர்மானித்திருந்தார். அந்தப் படகில் ஏறப் போகிறவர்கள் நம் பேரக் குழந்தைகள். ஆகையால், வேடிக்கை பார்க்க வந்த நாம், விஷயத்தைச் சற்று ஆழ்ந்தே விசாரிக்க வேண்டியதாயிற்று.

*

முதலில், ஸ்டெர்ன் டிரைவ் என்பது இன்னதென்று சொல்லிவிடுவோம். படகுக்கு யந்திரம் வைப்பதில் மூன்று முறைகள் உண்டு. யந்திரம் முழுவதையும் படகின் பின்புறத்தில் வெளியே தொங்க விடுவது ஒரு முறை. இதற்கு 'அவுட்போர்டு' என்று பெயர். யந்திரத்தைப் படகுக்குள்ளே வைத்து, ஓர் இரும்புத் தண்டை அடித்தளத்தின் வழியாகத் தண்ணீருக்குள் செலுத்தி, அதன் முனையில் விசிறியை மாட்டுவது இன்னொரு முறை. இது 'இன்போர்டு'. ஸ்டெர்ன் டிரைவ் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. மோட்டார் வண்டியில் இருப்பது போன்ற கனமான யந்திரம் படகுக்குள்ளே பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும். சுவருக்கு வெளியே அலுமினியத்தாலான ஒரு கால் தண்ணீரில் இறங்கியிருக்கும். உள்ளே இருக்கும் சக்தி, பற்சக்கரங்களின் வழியாக அந்தக் காலுக்குள் இறங்கி விசிறியைச் சுழற்றும். காலை இடமும் வலமும் திருப்பினால் படகு திரும்பும். மேலே தூக்கினால் ஆழமில்லாத இடத்திலும் கரை சேரலாம்.

யோசித்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டின் சௌகரியமும் சங்கடமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. யந்திரம் உலர்ந்த இடத்தில் இருக்கிறது. காலோ சதா தண்ணீரில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே படகின் பின்சுவரில் ஒரு பெரிய துவாரம். அந்தத் துவாரத்தின் வழியாகச் சக்தி வெளியே போக வேண்டும்; தண்ணீர் மட்டும் உள்ளே வரக் கூடாது. அங்கே காவல் நிற்பது என்னவென்று நினைக்கிறீர்கள்? எஃகுக் கதவா? இல்லை, ரப்பரால் செய்த ஒரு துருத்தி! ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த ரப்பர்தான் ஒரு குடும்பத்துக்கும் ஏரிக்கும் நடுவே நிற்கிறது. இதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

இரு கட்சிகளின் பூர்வோத்தரம் மிகவும் சுவாரஸ்யமானது. பென்டா என்பது பழைய பெயர். அந்தப் பெயருடைய முதல் யந்திரம் 1907-ம் வருஷத்தில் ஸ்வீடனில் உண்டாயிற்று. 1935-ல் வால்வோக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. கடல் ஓரத்திலும் ஏரி ஓரத்திலும் வாழும் ஜனங்களுக்காகப் படகு யந்திரம் செய்து பழகிய பரம்பரை அது.

மெர்க்குரியின் கதை வேறு. கார்ல் கீக்ஹேஃபர் என்பவர் 1939-ல் விஸ்கான்ஸினில் நொடித்துப் போன ஒரு சிறு தொழிற்சாலையை வாங்கினார். அதற்குள்ளே, வாங்கியவர்கள் குற்றம் சொல்லித் திருப்பியனுப்பிய அவுட்போர்டு யந்திரங்கள் சில நூறு கிடந்தன. காசு பண்ணுவதற்காக அவற்றைப் பிரித்துச் செப்பனிட்டு மறுபடியும் விற்றார். அவை நன்றாக ஓடவே, அதே தொழிலில் இறங்கிவிட்டார். பிறருடைய பழுதிலிருந்து பிறந்த கம்பெனி என்று அதைச் சொல்லலாம். நம்பகம் என்பதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது. ஃப்ளோரிடாவில் ஓர் ஏரியைத் தமக்கென்று ஒதுக்கி, வெளியாருக்குத் தெரியாமல் அங்கே யந்திரங்களைப் பரீட்சை செய்து வந்தார். 1957-ல் அந்த ஏரியில் இரண்டு படகுகளை இரவு பகல் ஓயாமல், பெட்ரோல் ஊற்றுவதற்குக் கூட நிறுத்தாமல், 25,000 மைல் ஓட்டிக் காட்டினார். அதாவது, உலகத்தை ஒரு முறை சுற்றி வருகிற தூரம்!

இந்தக் கீக்ஹேஃபரிடம் வேலை பார்த்து விலகியவர்தான் ஜிம் வின் என்னும் இன்ஜினீயர். 1958-ல் ஒரு சிறு அவுட்போர்டு படகில் அட்லாண்டிக் மகா சமுத்திரத்தையே கடந்த சாகஸக்காரர் அவர். ஸ்டெர்ன் டிரைவ் யோசனையை உருவாக்கி, அதை வால்வோ பென்டாவினிடம் கொடுத்தார். 1959-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'அக்வாமாட்டிக்' என்ற பெயருடன், 80 குதிரைச் சக்தியுள்ள அந்த யந்திரம் ஜனங்களின் முன் வந்தது. கீக்ஹேஃபர் சும்மா இருப்பாரா? 1961-ல் மெர்க்குரூயிஸரை வெளியிட்டார். கண்டுபிடிப்பின் உரிமை யாருடையது என்று நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. ஆக, எதிரிகள் என்று பெயர் பெற்ற இருவரும் ஒரே தறியில் நெய்த இரண்டு வேஷ்டிகள்தாம்.

உறவு அதோடு நிற்கவில்லை. வெகு காலம் வரையில் இவ்விரு கம்பெனிகளும் அமெரிக்காவில் விற்ற பெட்ரோல் யந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படையான இரும்பு வார்ப்பு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியிடமிருந்து வந்தது. ஷெவர்லே வண்டியிலும் லாரியிலும் இருந்த அதே எட்டு ஸிலிண்டர் யந்திரம்தான், ஒரு பக்கம் கறுப்பு வர்ணமும் மறு பக்கம் வேறு வர்ணமும் பூசிக்கொண்டு, விரோதிகளைப் போல் நின்றது. மெர்க்குரிக் கம்பெனி தன் சொந்த வார்ப்பில் 4.5 லிட்டர் யந்திரத்தை வெளியிட்டது 2014-ல்தான். அதற்கு முந்திய பழைய படகுகளைப் பற்றி, "இந்த யந்திரம் உழைக்கும், அந்த யந்திரம் உழைக்காது" என்று கை தட்டிப் பந்தயம் கட்டுகிறவர்கள், பல சமயங்களில் ஒரே இரும்பின் பேரில் இரண்டு பக்கமும் பணம் கட்டுகிறார்கள்!

*

அப்படியானால் வித்தியாசமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அது பெரும்பாலும் காலில் இருக்கிறது.

யந்திரத்தைக் குளிர்விக்க ஏரித் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும். இதற்கு ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. மெர்க்குரூயிஸரின் சாதாரணக் காலாகிய ஆல்ஃபாவில் அது தண்ணீருக்கு அடியிலேயே இருக்கிறது. எப்போதும் நனைந்திருப்பது அதற்கு நன்மை. ஆனால் மாற்ற வேண்டுமானால் காலின் கீழ்ப்பாகத்தையே கழற்ற வேண்டும். அதே கம்பெனியின் பெரிய காலாகிய பிராவோவோடு வருகிற யந்திரங்களிலும், வால்வோ பென்டாவிலும் அது யந்திரத்தின் மேலேயே இருக்கிறது. கைக்கு எட்டும், ஆனால் நீரின்றிச் சில நிமிஷம் ஓடினாலும் கருகிவிடும்.

முன்னும் பின்னும் போவதற்குப் பற்சக்கரம் மாற்றுவதிலும் பேதம் உண்டு. ஆல்ஃபாவில் பல்லோடு பல் கவ்வுகிற ஏற்பாடு. கவ்விய பல் விடுபடுவதற்காக யந்திரம் ஒரு கண நேரம் மூச்சை அடக்கிக்கொள்ளும். இழுகம்பி சரியாக அமையாவிட்டால், கரை சேரும் சமயம் பார்த்து யந்திரம் நின்று போகும். பிராவோவிலும் வால்வோ பென்டாவிலும் கூம்பு ஒன்று கிண்ணத்தில் பதிந்து பிடித்துக்கொள்கிறது. இது மெத்தென்று பிடிக்கும், பளுவும் தாங்கும். தேய்ந்து போனால் மட்டும் வழுக்கத் தொடங்கும்.

1982-ல் வால்வோ பென்டா ஒரே காலில் எதிர் எதிராகச் சுழலும் இரண்டு விசிறிகளை வைத்தது. படகு கோடு போட்டாற்போல் நேரே போகிறது, திருப்புவதும் சுலபம். பிறகு மெர்க்குரூயிஸரும் அவ்விதமே செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு விசிறி என்றால் தண்டும் இரண்டு, பழுது பார்க்கும் செலவும் அதிகம் என்பதை விளம்பரங்களில் அவ்வளவு பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு கட்சிக்கு இரண்டு, மறு கட்சிக்கு மூன்று என்று மதிப்பெண் போடலாமே தவிர, ஒன்று கண் கண்ட தெய்வம், மற்றது கழித்துக் கட்ட வேண்டியது என்று சொல்ல இடமில்லை.

*

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் பிற்பகல். நம் பெண்ணின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், குழந்தைகளையும் நம்மையும் தம் படகில் ஏற்றிக்கொண்டு போனார். தம் யந்திரக் கட்சியின் பெருமையை அவரைப் போல் பேசக் கூடியவர் அந்தக் கரையிலேயே இல்லை. அது எந்தக் கட்சி என்பதை நாம் சொல்லப் போவதில்லை. சொன்னால், மற்றக் கட்சியார் இந்தக் கட்டுரையைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டி விடுவார்கள்.

வின்னபேகோ ஏரி சுமார் 30 மைல் நீளம், 10 மைல் அகலம். ஆழம் மட்டும் சுமார் 21 அடிக்கு மேல் எங்கும் இல்லை. இப்படிப் பரந்து, ஆழமின்றி இருப்பதால், காற்று கொஞ்சம் எழும்பினாலும் குட்டையான செங்குத்து அலைகள் உடனே கிளம்பிவிடுகின்றன. நாங்கள் கரையை விட்டு நாலு மைல் போயிருப்போம். காற்று எழுந்தது. அதே சமயம் யந்திரத்திலிருந்து 'கீ' என்று ஓர் எச்சரிக்கை ஒலி விடாமல் கிளம்பிற்று. சூட்டைக் காட்டும் முள் மேலே போய்விட்டது. யந்திரத்தை நிறுத்தினார்கள். யந்திரம் நின்ற படகு, அலைக்குத் தன் விலாவைக் காட்டிக்கொண்டு உருளத் தொடங்கிற்று. நங்கூரம் போட்ட பிறகே முகம் காற்றுப் பக்கம் திரும்பிற்று.

குழந்தைகள் மிதவைச் சட்டை அணிந்திருந்தார்கள். சின்னவள் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, படகு ஏன் பேச மாட்டேன் என்கிறது?" என்று கேட்டாள். நமக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மீன் பிடிக்க வந்த ஒருவர் கயிறு வீசி எங்களை இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்த்தார்.

மறு நாள், ஊரில் படகு யந்திரங்களையே நாற்பது வருஷமாகக் கட்டி அழுது ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்து அதைப் பிரித்தார். ரப்பர்ச் சக்கரத்தில் இருந்த இதழ்களில் பாதிக்கு மேல் முறிந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டிய அந்தச் சக்கரம், ஆறு வருஷமாக மாற்றப்படவில்லை. அதன் விலை, அந்த ஊரில் ஒரு குடும்பம் ஒரு வேளை ஹோட்டலில் சாப்பிடும் செலவுக்கு மேல் இராது.

"இவ்வளவு வருஷத்தில் எந்தக் கம்பெனி யந்திரம் அதிகமாகக் கெட்டுப் பார்த்தீர்கள்?" என்று கேட்டோம்.

"கொட்டகையில் தூங்குகிற கம்பெனியுடையது," என்றார் பெரியவர்.

அவர் சொன்னதன் கருத்து பிறகுதான் விளங்கிற்று. 25,000 மைல் ஓடிய யந்திரத்துக்கு ஒவ்வொரு நிமிஷமும் பக்கத்தில் ஆள் இருந்தான். உல்லாசப் படகோ வருஷத்தில் சில நாள் ஓடி, மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும்போது ரப்பர் வறண்டு வெடிக்கிறது. பேரிங்கில் ஈரம் ஏறித் துருப் பிடிக்கிறது. பெட்ரோல் கெட்டுப் பிசினாகிறது. அந்த மாகாணத்தின் குளிர் காலம் இன்னும் பொல்லாதது. பிப்ரவரியில் வின்னபேகோ ஏரி உறைந்து, ஜனங்கள் அதன் மேல் மோட்டார் வண்டி ஓட்டிப் போய், பனிக்கட்டியில் துளையிட்டு ஸ்டர்ஜன் மீனை ஈட்டியால் குத்துகிறார்கள். தண்ணீர் உறையும்போது நூற்றுக்குச் சுமார் 9 பங்கு பெருக்கிறது. யந்திரத்தின் நீர்வழிகளில் மிச்சமிருக்கும் தண்ணீரை இலையுதிர் காலத்திலேயே வடித்து, உறையாத திரவத்தை நிரப்பி வைக்காவிட்டால், ஒரே இரவில் இரும்பு வார்ப்பு பிளந்து போகும். எந்தக் கம்பெனிப் பெயரும் அந்தப் பிளவைத் தடுக்காது.

*

மாப்பிள்ளை வாங்குவதற்கு இரண்டு படகுகள் வந்தன. இரண்டுக்கும் வயது பதினைந்து. ஒன்று ஒரு கட்சி, மற்றது மறு கட்சி. முதல் படகு கண்ணாடி போல் பளபளத்தது. மணிக் கணக்குக் காட்டும் கருவியில் 200 மணி என்று இருந்தது. இரண்டாவது படகின் மெத்தைகள் நைந்திருந்தன. கருவி 900 மணி என்றது.

"சந்தேகமென்ன, மாமா? முதலாவதுதான் அதிகம் ஓடாதது," என்றார் மாப்பிள்ளை.

கூட வந்திருந்த பெரியவர் மனக்கணக்குப் போட்டார். "பதினைந்து வருஷத்தில் 200 மணி. வருஷத்துக்குப் பதின்மூன்று மணி. பாக்கி நேரமெல்லாம் அது என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேட்டுவிட்டுக் குனிந்தார்.

அவர் பெயர்ப் பலகையைப் பார்க்கவே இல்லை. முதலில் காலின் அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, ஒரு சொட்டு எண்ணெயை விரலில் ஏந்தினார். அது பால் விட்ட காப்பி போல் இருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு காலைத் தூக்கி, ரப்பர்த் துருத்தியின் மடிப்புகளை விரலால் விரித்துப் பார்த்தார். மடிப்புக்குள்ளே மெல்லிய வெடிப்புகள். காலில் பொருத்தியிருந்த உலோகக் கட்டிகளைத் தட்டினார். இந்தக் கட்டிகள் தம்மை அரிப்புக்குக் கொடுத்து அலுமினியக் காலைக் காப்பாற்றுகிறவை. உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவை, நல்ல தண்ணீருக்கு மக்னீஸியம் என்று வகை உண்டு. பாதி கரைந்திருந்தால் சந்தோஷப்பட வேண்டும். வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். முதல் படகின் கட்டிகளோ முழுசாக இருந்தன. அழகுக்காக அவற்றின் மேலும் வர்ணம் பூசியிருந்தார்கள்!

இரண்டாவது படகு, பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவருடையது. அவர் படகைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். எண்ணெய் மாற்றிய தேதி, துருத்தி மாற்றிய தேதி, ரப்பர்ச் சக்கரம், குளிர் காலத்துக்குத் தண்ணீர் வடித்தது, எல்லாம் வருஷ வாரியாக எழுதியிருந்தது. முதல் பத்து வருஷத்துக் கையெழுத்து ஒரு மாதிரி. பிறகு வேறு மாதிரி. கணவர் காலமான பின்னர், அதே கட்டங்களில் அந்த அம்மாள் எழுதி வந்திருக்கிறார். அவர் படகில் ஏறுவதையே நிறுத்திவிட்டிருந்த கடைசி இரண்டு வருஷங்களிலும் ஒரு கட்டம் கூடக் காலியாக இல்லை.

பெரியவர் புத்தகத்தை மூடி மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் வேறொன்றும் கேட்கவில்லை. விலை பேசி முடிந்தது.

*

இனி, நீதிபதி ஸ்தானத்தில் யாரும் உட்காராதபடியால், நாமே சற்று நேரம் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

நல்ல தண்ணீர் ஏரியில், காலா காலத்தில் கவனித்து வரும் குடும்பத்துக்கு இரண்டு யந்திரங்களும் உழைக்கும். எந்த மெக்கானிக் கூப்பிட்ட தூரத்தில் இருக்கிறாரோ, எதற்கு உதிரிச் சாமான் உள்ளூரில் அகப்படுகிறதோ, அதை வாங்குவது புத்திசாலித்தனம். ஓ.எம்.ஸி. என்று மூன்றாவது ஒரு பெரிய கம்பெனி இருந்தது. 2000-ம் வருஷக் கடைசியில் அது திவாலாயிற்று. அந்தக் கம்பெனியின் ஸ்டெர்ன் டிரைவ் யந்திரங்களுக்குச் சாமான் தேடி அலைகிறவர்களைக் கேட்டால், நம்பகம் என்பதில் கம்பெனியின் ஆயுளும் சேர்ந்தது என்பார்கள்.

உப்புத் தண்ணீரில், படகைக் கரையேற்றாமல் மிதக்கவே விடுகிறவர்களுக்கு, இரண்டு கட்சியையும் விட அவுட்போர்டே நலம். அவுட்போர்டை முழுவதும் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கலாம். ஸ்டெர்ன் டிரைவின் காலை எவ்வளவு தூக்கினாலும் ஒரு பாகம் நனைந்துகொண்டே இருக்கும். கடலோரத்தில் ஜனங்கள் அவுட்போர்டுக்கு மாறி வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

யாராயிருந்தாலும், படகுக்குள்ளே பெட்ரோல் யந்திரம் இருந்தால், சாவியைத் திருப்புவதற்கு முன் காற்று விசிறியை நாலு நிமிஷம் ஓட விட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. படகின் அடிவயிற்றில் குளம் போல் தேங்கும். ஒரு பொறி போதும். அந்த நாலு நிமிஷத்தை மிச்சம் பிடிப்பது போன்ற நஷ்டம் வேறில்லை.

யந்திரத்தின் பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் நோட்டுப் புத்தகத்தைக் கேட்கட்டும்.